பிளடிவுட் மெற்றல் இசைக்குழுவா, மெற்றல் உடுப்புப் போட்ட கல்யாண மேளமா?

கோட்டைமான் எழுதியது:

சனிக்கிழமை இரவு திருகோணமலை டச்பே கடற்கரையில் மூன்று பேர் ஓர் ஒலிபெருக்கியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை என்பதால் அதை இங்கே கொண்டுவருகிறேன். காரணம், டில்லியைச் சேர்ந்த பிளடிவுட். 2016 இல் தொடங்கிய இந்தக் குழு, முதலில் ஹிந்திப் படப்பாடல்களை மெற்றலாக்கி, அதாவது கனத்த கிற்றார் றொக் இசையாக்கி, யூரியூப்பில் பகிடிக்காக வெளியிட்டது. பிறகு சொந்தப் பாடல்களுக்கு மாறி, 2019 இல் ஜேர்மனியின் வாக்கன் மெற்றல் விழாவில் மேடையேறி, 2022 இல் சொந்தப் பாடல்களைக் கொண்ட தனது முதல் அல்பமான 'ரக்ஷக்'கை வெளியிட்டது. கிற்றார் இருக்கிறது, உறுமல் குரல் இருக்கிறது, அவற்றோடு பஞ்சாபி டோல் மேளமும் மூங்கில் குழலும் ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்த பாட்டும் றப்பும் இருக்கின்றன.

என் கட்சி எளிமையானது. மெற்றல் கேட்கும்போது தலை கீழ்நோக்கி விழும். பஞ்சாபி ஆட்ட இசையான பங்க்ரா கேட்கும்போது தோள் மேல்நோக்கி எழும். அன்றிரவு முதலில் பிளக் சபத் என்ற பழைய மெற்றல் குழுவின் பாடல் ஒன்று ஓடியபோது என் நண்பனின் தலை ஒழுங்காகக் குனிந்து நிமிர்ந்தது. அடுத்து பிளடிவுட் ஓடியபோது அவனுடைய இரண்டு தோள்களும் எழும்பின, கையிலிருந்த கச்சான் சரை மணலில் கொட்டுண்டது. அவனே அவர்களை மெற்றல் என்று சத்தியம் செய்தவன். வாய் சொன்னதைத் தோள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் என் வாதம். டோலையும் குழலையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று சொல்லுங்கள். அதன் பிறகு மெற்றலா இல்லையா என்று பேசுவோம்.

நிலாவெளிக்காற்று எழுதியது:

கச்சான் கொட்டியவன் நான்தான். தோள் எழுந்ததை மறுக்கவில்லை. ஆனால் "எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன" என்ற கேள்வியை மெற்றலின் தொட்டிலிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். பிளக் சபத்தின் முதல் அல்பம் 1970 பெப்ரவரி 13 இல் வந்தது. அதிலிருந்து புளூஸை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பில் வார்ட்டின் ட்ரம்ஸ் வாசிப்பில் இருக்கிற ஜாஸை எடுத்துவிட்டால்? கிற்றார்காரர் ரொனி அயோமி, விரல் நுனிகளை இழந்து வாசிப்பையே விட நினைத்திருந்தபோது, அவரைத் திரும்பக் கிற்றாரிடம் கொண்டுவந்தது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞரின் இசைத்தட்டு; ரைன்ஹார்ட்டும் விரல்கள் பழுதுபட்டவர். கலப்பில் பிறந்த ஒன்றுக்குக் கலப்பைக் குற்றமாகச் சொல்வது நியாயமில்லை.

என்னைக் கேட்டால் உரைகல் ஒன்றுதான்: பாட்டைக் கிற்றாரின் றிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற குறுந்துண்டு, சுமக்கிறதா, அல்லது பாட்டு றிஃப்பைச் சுமக்கிறதா? பிளடிவுட்டில் பெரும்பாலும் றிஃப்தான் சுமக்கிறது. மேலும், உலகத்து மெற்றல் சனமெல்லாம் கூடுகிற வாக்கனிலேயே அவர்களை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு நாம் ஏன் வாசலில் நின்று அடையாள அட்டை கேட்கிறோம் என்று விளங்கவில்லை.

பிரதிமத்தியமம் எழுதியது:

நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். என் மகனின் புண்ணியத்தில் மெற்றலும் காதில் விழுகிறது. தம்பி குறிப்பிட்ட 1970 அல்பத்தின் முதற்பாடலில், குழுவின் பெயரையே தாங்கிய அந்தப் பாடலில், மூன்றே சுரங்கள் மெதுவாக வருகின்றன. கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்தியமம் என்கிற ஏற்றிய 'ம'. மேற்கில் ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையிலான இந்தத் தூரத்தைப் பேயின் சுரம் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள், மெற்றலின் இருட்டு அங்கிருந்துதான் தொடங்கியது என்றும் எழுதுவார்கள். நமக்கு அதே பிரதி மத்தியமம் கல்யாணி ராகம். தாய் ராகங்களான மேளகர்த்தாக்கள் 72 இல் பின்பாதி 36 உம் பிரதி மத்தியமத்துக்குச் சொந்தமானவை. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் கல்யாணி வாசிக்கும்போது யாரும் பயந்து எழுந்து ஓடியதாக நான் அறியவில்லை.

ஆகவே இருட்டு சுரத்தில் இல்லை, சுரத்தைப் பிடிக்கிற விதத்தில் இருக்கிறது. சுரத்தை அசைக்கிற கமகம் இல்லாமல், மொட்டையாக, நீண்ட நேரம் ஒரே சுரத்தில் நின்று அழுத்தினால் கல்யாணியின் மத்தியமமும் கறுத்துவிடும். கோட்டைமான் தம்பி வாத்தியங்களை எண்ணுகிறார். நான் வாசிப்பைக் கேட்கச் சொல்கிறேன். டோல் எந்தச் சாதி வாத்தியம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் டோல் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

கோட்டைமான் எழுதியது:

அக்கா சொன்ன கல்யாணிக் கதையை இனி எத்தனை பேருக்குச் சொல்லப்போகிறேனோ தெரியாது. ஆனாலும் வாத்தியத்தை எண்ணாமல் விட முடியாது. 1989 இல் கிராமி விருதில் ஹார்ட் றொக்குக்கும் மெற்றலுக்கும் சேர்த்து ஒரு பிரிவை முதன்முதலாக வைத்தார்கள். மெற்றாலிக்காதான் வெல்லும் என்று எல்லோரும் காத்திருக்க, குழல் வாசிக்கிற இயன் அண்டர்சனின் ஜெத்ரோ டல் குழு வென்றது. அதன் இசைத்தட்டு நிறுவனம் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு குழலைக் கிடத்திப் படம் எடுத்து, புல்லாங்குழலும் கனமான உலோக வாத்தியம்தான் என்று விளம்பரமே போட்டது. அடுத்த ஆண்டு அந்தப் பிரிவை இரண்டாகப் பிரித்தார்கள். மெற்றல் விருதை மெற்றாலிக்கா வாங்கியது. பெயரைக் கவனமில்லாமல் கொடுத்தால் அந்தப் பெயருக்கு உரியவன் வெளியே நிற்க நேரிடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. அதோடு பிளடிவுட்டின் குழல் மூங்கில் என்பதால் அந்த விளம்பரமும் அவர்களுக்கு உதவாது.

சாம்பல்தீவு எழுதியது:

இரண்டு நாட்களாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லோரும் டோலைப் பிடித்து அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், குற்றவாளியோ பக்கத்தில் சும்மா நிற்கிறான்.

முதலில் வாக்கன். அது அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கிற இடமில்லை. அந்தக் கிராமத்தின் தீயணைப்புப் படையினரே ஊதுகுழல் வாத்தியங்களோடு அந்த விழாவில் மேடையேறி வாசிப்பார்கள், சனம் அதற்கும் துள்ளும். தீயணைப்பு வீரர்களின் பாண்ட் இசையை யாரும் மெற்றல் என்று சொல்வதில்லை.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். பிளடிவுட்டிலிருந்து டோல், குழல் இரண்டையும் மனத்துக்குள் அணைத்துவிட்டுக் கேளுங்கள். கீழே இறக்கிச் சுருதி கூட்டிய கிற்றார், துள்ளி நிற்கிற குறுகிய றிஃப், பாட்டின் நடுவே றப், பல்லவியில் எல்லோரும் சேர்ந்து கத்துவதற்கு வசதியான ஒரு வரி, நீண்ட தனி கிற்றார் வாசிப்பு அநேகமாகக் கிடையாது. இந்த முகத்தை நாங்கள் வேறெங்கோ பார்த்திருக்கிறோம் இல்லையா? 1992 இல் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் முதல் அல்பம், 1994 இல் கோர்னின் முதல் அல்பம், அதற்குப் பின்னால் வந்த நியூ மெற்றல் கூட்டம் முழுவதும். பிளடிவுட் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. டோல் அது பிறந்த ஊரைச் சொல்கிறது, அவ்வளவுதான். கோர்னின் அந்த முதல் அல்பத்திலேயே ஜொனதன் டேவிஸ் ஸ்கொட்லாந்துப் பைக்குழலை ஊதுகிறார். அப்போது கோர்னை மெற்றல் இல்லை என்று ஒதுக்கியவர்கள் பைக்குழலைக் காரணம் காட்டவில்லை. றப்பையும் துள்ளலையும்தான் காட்டினார்கள்.

2002 இல் தொடங்கப்பட்ட இணைய மெற்றல் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் காட்டுக்குள் ஒருவர் தனியாக இருந்து ஒலிப்பதிவு செய்து ஐம்பது பிரதிகள் வெளியிட்ட குழுவுக்குக்கூட இடமுண்டு. உலகம் முழுவதும் விற்ற கோர்னுக்கும் லிங்கின் பார்க்குக்கும் இடமில்லை. அவர்களுடைய கணக்கில் துள்ளல் வேறு, றிஃப் வேறு. நான் அந்தக் கணக்கை ஏற்கவில்லை, ஆனால் அது நேர்மையான கணக்கு. ஆகவே பிளடிவுட் மெற்றலா என்று கேட்பவர் உண்மையில் முப்பது வருடப் பழைய கேள்வியைத்தான் கேட்கிறார். கோர்ன் மெற்றல் என்றால் பிளடிவுட்டும் மெற்றல். கோர்ன் இல்லை என்றால் இவர்களும் இல்லை. கோர்னை ஏற்றுக்கொண்டு, கறுப்பு ரீசேர்ட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு, டோலைக் கண்டதும் முகம் சுளிப்பவர் மட்டும் தன் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கோட்டைமான், உங்களிடம் கோர்ன் ரீசேர்ட் இருப்பது எனக்குத் தெரியும்.

தவில்வீட்டுப்பிள்ளை எழுதியது:

என் அப்பா முப்பத்தைந்து வருடங்களாகத் தவில் வாசிப்பவர். இந்த இழையை வாசித்துவிட்டு, நேற்றிரவு அவருடைய காதில் ஹெட்போனை மாட்டி பிளடிவுட்டின் நான்கு பாடல்களைக் கேட்கவைத்தேன். யாரென்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் கணக்கு வைத்துக்கொண்டு கேட்டார்.

முடிந்ததும் அவர் சொன்னது இது: "மேளக்காரன் நல்லாத்தான் வாசிக்கிறான், ஆனால் அவனுடைய தொப்பியைக் காணவில்லை." தவிலில் விரலில் கூடு மாட்டி வாசிக்கிற கணீரென்ற பக்கம் வலந்தலை, கழியால் அடிக்கிற பக்கம் தொப்பி. டோலுக்கும் அப்படியே இரண்டு முகங்கள்: வளைந்த தடித்த கோலால் அடிக்கிற கனத்த பக்கம், மெல்லிய குச்சியால் அடிக்கிற மெல்லோசைப் பக்கம். அப்பா கேட்டது பெரும்பாலும் மெல்லிய குச்சியைத்தான். கனத்த பக்கம் எங்கே போனது?

அதற்கு விடை ஒலிக்கணக்கில் இருக்கிறது. சாதாரணச் சுருதியில் கிற்றாரின் அடித்தந்தி ஏறத்தாழ 82 ஹேர்ட்ஸில் அதிரும். ஒரு கட்டைக்கு, அதாவது மேற்கத்திய C சுருதிக்கு, இறக்கினால் அது 65 ஆகிறது. கோர்ன் போல ஏழு தந்திக் கிற்றாரில் இன்னும் கீழே போனால் 55. காலால் மிதிக்கிற பெரிய ட்ரம்மின் அடியோசையும் அந்த அயலில்தான் இருக்கிறது, பேஸ் கிற்றாரும் அங்கேதான் குடியிருக்கிறது. டோலின் கனத்த முகமும் அதே காணிக்குத்தான் உறுதி காட்டுகிறது. ஒலிக்கலவை செய்பவர் யாரையாவது அங்கிருந்து எழுப்பியே ஆக வேண்டும். மெற்றல் கலவையில் கிற்றாரையும் மிதி ட்ரம்மையும் எழுப்பமாட்டார்கள். டோல்தான் எழுந்து, மேலே இருக்கிற ஒடுங்கிய இடத்தில் போய் நிற்கிறது.

என் கட்சி இதிலிருந்து வருகிறது. மோதல் வந்தபோது எது விட்டுக்கொடுத்தது என்று பார்த்தால், ஒரு பாட்டு எந்த வகையைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். கல்யாண மேளமாக இருந்தால் கிற்றார் விட்டுக்கொடுத்திருக்கும். இங்கே விட்டுக்கொடுத்தது டோல். அப்பாவுக்கு அது கவலை. எனக்கு அது சாட்சி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அயோமியின் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். பேர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த 17 வயதுப் பெடியன், வேலையின் கடைசி நாளில் இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டினதும் நுனிகளைப் பறிகொடுத்தார். இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி, விரலுக்கு மூடி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பிறகு சுருதியையும் தளர்த்தி வாசித்தார். மெற்றலின் அந்தக் கனத்த ஓசை அப்படித்தான் பிறந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த தன் விரல் கூடுகள் இருக்கிற தகரப் பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அவரும் கூடு போட்டுத்தான் வாசித்திருக்கிறார்" என்றார்.

நிலாவெளிக்காற்று எழுதியது:

அந்தத் தகரப் பேணியைப் படமெடுத்துப் போடுங்கள் அண்ணை. என் உரைகலை மீளப்பெற்றுக்கொள்கிறேன். "எது சுமக்கிறது" என்பதைவிட "எது விட்டுக்கொடுக்கிறது" என்பது நல்ல கேள்வி.

பிரதிமத்தியமம் எழுதியது:

நல்ல கேள்விதான், ஆனால் அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரேசிலின் செபுல்துரா 1996 இல் வெளியிட்ட 'றூட்ஸ்' அல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷவாந்தே பழங்குடியினரோடு அவர்களுடைய ஊரிலேயே இருந்து ஒலிப்பதிவு செய்த பகுதி அதில் இருக்கிறது. அதில் பிளிறுகிற கிற்றாரே கிடையாது. கார்லின்யோஸ் பிரவுனின் தாள வாத்தியங்கள் இன்னொரு பாடலை முழுதாக ஆட்கொள்கின்றன. அங்கே கிற்றார் தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. அந்த அல்பத்தைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். ஆனாலும் செபுல்துராவை மெற்றல் சபையிலிருந்து யாரும் வெளியேற்றவில்லை. ஏன்? 1989 இலும் 1991 இலும் அவர்கள் வெளியிட்ட திராஷ் என்ற அதிவேக மெற்றல் அல்பங்கள் முன்பே பிணை நின்றுவிட்டன.

ஜப்பானின் பேபிமெற்றல் இதற்கு நேர்மாறு. மேடையில் பின்னால் வாசிப்பவர்கள் கைதேர்ந்த மெற்றல் கலைஞர்கள், அவர்களுடைய றிஃப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முன்னால் பாடி ஆடுபவர்கள் சிறுமிகளாக, ஐடல் எனப்படும் ஜப்பானிய இளம் பொப் நட்சத்திர உலகத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்காகவே 2014 இலிருந்து வாதம் ஓயவில்லை. 2016 இல் மூத்த மெற்றல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்ற்றின் பாடகர் றொப் ஹல்ஃபோர்ட் அவர்களோடு ஒரே மேடையில் பாடிய பிறகும் ஓயவில்லை.

நாம் பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், சம்பந்தம் பேசப்போன வீட்டில் போல "நீங்கள் எந்தப் பகுதி ஆட்கள்" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பகிடி யூரியூப்பிலிருந்து வந்தவர்கள் என்பது பிளடிவுட்டின் மீது ஒட்டியிருக்கிற பூர்வீகம். டோலை விட அதுதான் பலருக்கு உறுத்துகிறது என்பது என் சந்தேகம்.

கோட்டைமான் எழுதியது:

கோர்ன் ரீசேர்ட் உண்மைதான். அதை உறவினர் ஒருவர் கனடாவிலிருந்து கொண்டுவந்தார், நான் வாங்கவில்லை.

வாதத்தில் தோற்றாலும் சோதனையில் தோற்கக்கூடாது என்று, பாட்டைப் பிரித்துக்கொடுக்கிற செயலி ஒன்றைத் தொலைபேசியில் இறக்கினேன். அது குரல், ட்ரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். டோலைத் தனியாக எடுத்துவிட்டுக் கிற்றாரை மட்டும் கேட்பதுதான் என் திட்டம். செயலியோ டோலை ட்ரம்ஸோடு சேர்த்துவிட்டது, குழலைக் கிற்றாரோடு 'மற்றவை'யில் போட்டுவிட்டது. நான் பிரிக்க நினைத்த கோட்டில் அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சரி என்று 'மற்றவை'யை அணைத்துவிட்டுக் கேட்டேன். 'தனா தன்' பாடல் உடைந்து விழுந்தது. பெண்கள் மீதான வன்முறையைப் பற்றிய அந்தப் பாடலின் கோபம் முழுவதும் கிற்றாரில் இருந்திருக்கிறது; அது போனதும், பூட்டிய அறைக்குள் ஒருவர் தனியாகக் கத்துவது போலிருந்தது. பிறகு 2018 இல் வந்த 'அரி அரி'. அதற்குக் கிற்றார் போனதே தெரியவில்லை, தோள் முன்போலவே எழுந்தது. முதலாவது மெற்றல், இரண்டாவது கல்யாண மேளம். குழுவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது, பாட்டுப் பாட்டாகத்தான் சொல்லலாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். அதற்கு மேல் ஒரு அடியும் வரமாட்டேன்.

சாம்பல்தீவு எழுதியது:

குழம்பிலிருந்து புளியை எடுத்துவிட்டு, இது புளிக்குழம்பு இல்லை என்று சொல்வது போன்ற சோதனை இது. இருந்தாலும், இரண்டு பாட்டை ஒரே தட்டில் வைக்க மறுத்தது முன்னேற்றம்தான். மொங்கோலியாவின் த ஹூ குழுவினர் தங்கள் இசையைத் தாங்களே ஹுன்னு றொக் என்று அழைத்து இந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிட்டார்கள். பிளடிவுட்டோ 'அரி அரி'யின் தலைப்பிலேயே இந்தியத் தெரு மெற்றல் என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் கல்யாண மேளம் என்று தள்ளிவைத்த பாட்டில்தான் அவர்கள் மெற்றல் என்ற பெயரை ஒட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? தெரு என்ற சொல்லையும் சேர்த்துத்தானே ஒட்டினார்கள்?

கோட்டைமான் எழுதியது:

கவனித்தேன். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

தவில்வீட்டுப்பிள்ளை எழுதியது:

இந்த வாதம் எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதால் கடைசியாக ஒன்றைச் சொல்கிறேன். சென்ற பருவத்தில் உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் நாங்கள் நான்கு பேர் வாசித்தோம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் விடுதிக்காரர் வந்து, வெள்ளைக்காரர்கள் பயப்படுகிறார்கள், பைலா ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அவருக்கு நாங்கள் மெற்றல். அதில் ஐயமே இருக்கவில்லை. அதே பாட்டுகளைக் கொழும்பு மேடைகளில் ஸ்டிக்மாட்டா என்ற நம் நாட்டு மெற்றல் குழுவைக் கேட்டு வளர்ந்த ஒரு நண்பருக்கு அனுப்பினேன். தவில் மாதிரி ஒன்றைக் கணினியில் சேர்த்திருந்ததைக் கேட்டுவிட்டு, நல்லாயிருக்கிறது, ஆனால் மெற்றல் இல்லை என்று எழுதினார்.

அந்தக் கணினித் தவிலை அப்பாவும் கேட்டார். இது தவில் இல்லை, தகரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவரே ஒத்திகைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மிதி ட்ரம் நிறுத்துகிற நான்கு ஆவர்த்தனத்தை அவருக்காக விடச் சொல்லி ட்ரம்ஸ்காரத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் இன்னும் சம்மதிக்கவில்லை. இன்று காலை கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், கோட்டை வாசலில் வைத்து அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி:

"கிற்றாரை எத்தனை கட்டையில் கூட்டியிருக்கிறீர்கள்?"

"ஒரு கட்டை அப்பா."

"அவ்வளவு கீழேயா? அப்படியென்றால் இரண்டு கட்டை நாதஸ்வரம் சரிவராது. தவிலையும் வாரை இழுத்துக் கொஞ்சம் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் என்னுடைய தொப்பியையும் நீங்கள் விழுங்கிவிடுவீர்கள்."